அரிசிப் பானையில் ஓர் அடகு நோட்டீஸ்

ஒரு நகையை அடகு வைப்பதற்கு எனக்கு வெட்கம் இல்லை. கையில் ஒரு குந்துமணி தங்கம் இருந்து, ஆபத்துக்கு அது உதவவில்லை என்றால் அப்புறம் எதற்கு அது? ஆனால் அடகு வைத்ததை மறைத்தேன் பாருங்கள், அதற்குத்தான் இன்று வரை வெட்கப்படுகிறேன். என்னைப் போல வேறு எந்தச் சகோதரியும் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஏம்பலம். பாண்டிச்சேரியைச் சேர்ந்த கிராமம். விவசாயக் குடும்பம். 2024 ஆவணியில் சம்பா நடவுக்கும், மூத்தவளின் நர்சிங் படிப்புக்கும் ஒரே நேரத்தில் பணம் தேவைப்பட்டது. அம்மா எனக்குக் கல்யாணத்தில் போட்ட மூன்று பவுன் சங்கிலியையும், கரும்புப் பணத்தில் என் கணவர் எடுத்துக் கொடுத்த இரண்டு பவுன் வளையல்களையும் வில்லியனூரில் ஒரு நிதி நிறுவனத்தில் வைத்து 1,20,000 ரூபாய் வாங்கினோம். நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி. ஒரு வருஷத் தவணை. தை அறுவடையில் மீட்டுவிடலாம் என்று கணக்கு.

மாமியாருக்குத் தெரிய வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வயதானவர்கள், மனசு கஷ்டப்படுவார்கள் என்று ஒரு சாக்கு. சிதம்பரம் கவரிங்கில் அதே மாதிரி ஒரு சங்கிலி வாங்கிப் போட்டுக் கொண்டேன். தாலிச் சரடு தனியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்தக் கார்த்திகையில்தான் ஃபெஞ்சல் புயல் வந்தது. நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து, தென்பெண்ணை பெருக்கெடுத்து பாகூர்ப் பக்கம் ஊருக்குள்ளேயே புகுந்துவிட்டது. எங்கள் வயலில் தண்ணீர் வடிந்தபோது பயிர் அழுகிக் கிடந்தது. தை வந்தது, அறுவடை வரவில்லை.

அதற்குப் பிறகு என் கணவர் சரியாகத் தூங்கவே இல்லை. இரவில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய் வட்டி, தவணை என்று எப்படிப் பேசுவது? அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வட்டி மட்டும் சத்தம் இல்லாமல் ஏறிக்கொண்டே இருந்தது.

2025 ஆவணி பிறந்ததும் நோட்டீஸ் வந்தது. குறித்த தேதிக்குள் அசலும் வட்டியும் கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும் என்று. படித்ததும் கை நடுங்கியது. அவர் கண்ணில் படக்கூடாதே என்று, மடித்து அரிசிப் பானைக்குள் சொருகிவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான்கு நாள் ஓடிவிட்டது.

ஐந்தாம் நாள் நான் வயலுக்குப் போயிருந்தபோது, அத்தை உலை வைக்க அரிசி அள்ளப் போயிருக்கிறார்கள். நான் திரும்பி வந்தபோது அந்தக் காகிதம் அவர்கள் மடியில் இருந்தது. அவர்களுக்குப் படிக்கத் தெரியாது.

"இது இன்னா காயிதம்னு எனக்குத் தெரியும்மா. இது மாதிரி ஒண்ணு எங்க வூட்டு எரவாணத்துலயும் இருந்துச்சு" என்றார்கள்.

இருபத்து மூன்று வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்தக் கதையைக் கேட்டேன். ராஜீவ் காந்தி இறந்த வருஷம், நாத்தனார் கல்யாணச் செலவுக்காக என் மாமனார் அத்தையின் அட்டிகையை அடகு வைத்தாராம். கெடு முடிவதாக வந்த காகிதத்தைக் கூரை எரவாணத்தில் சொருகிவிட்டார். "அப்ப சொல்லியிருந்தா எங்க அண்ணன் பணம் குடுத்திருப்பாரு. மாடு ஒண்ணு வித்திருக்கலாம். மனுஷன் மானம் போவுதுன்னு வாயே தொறக்கல. அட்டிகை மூழ்கிப் பூடுச்சி. சாவுற வரைக்கும் என் கழுத்தப் பாத்துப் பேச மாட்டாரு."

அடகு நகை திரும்பாமல் போனால் 'மூழ்கிவிட்டது' என்றுதானே சொல்கிறோம்? கண்ணெதிரே பயிர் மூழ்கியதைப் பார்த்தவள் நான். அதைத் தடுக்க என்னால் முடியவில்லை. இதைத் தடுக்க வழி இருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேனே!

அத்தை சொன்ன அதே 1991-இல், ஜூலை மாதம், நம் நாடே 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் ஈடு வைத்துச் சுமார் 40 கோடி டாலர் கடன் வாங்கியது. வெளிநாட்டுப் பாக்கியைக் கட்டக் கையிருப்பு இல்லாத நேரம். செய்தி வெளியே வந்ததும் நாடு முழுவதும் பேச்சாக இருந்தது. ஆனாலும் கடனை அடைத்துத் தங்கத்தை மீட்டார்கள். நாட்டுக்கே வந்த நிலைமை நம் வீட்டுக்கு வந்தால் அதில் என்ன மானக்கேடு?

அன்று இரவு மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அசல் 1,20,000, பன்னிரண்டு மாத வட்டி 21,600. ஆக 1,41,600 ரூபாய். பவுன் விலையோ நாங்கள் வைத்தபோது ஐம்பத்து மூவாயிரம் சொச்சம்; இப்போது எழுபத்தைந்தாயிரத்தை ஒட்டி நின்றது. அதாவது ஒன்றரை லட்சம்கூட இல்லாத கடனுக்காக, ஏறக்குறைய மூன்றே முக்கால் லட்ச ரூபாய் நகையை விட்டுவிடப் பார்த்தேன்!

"வளையலை வித்துடலாம். நாம வாங்கினதுதானே, மறுபடி வாங்கிக்கலாம். உங்க அம்மா போட்டது கழுத்துல இருக்கட்டும்" என்றார் என் கணவர். என் அம்மா இப்போது இல்லை.

விற்பதற்கு முதலில் மீட்க வேண்டுமே? அத்தை உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, தன் கடைசிக் காரியத்துக்கென்று சேர்த்திருந்த 38,000 ரூபாயைக் கொண்டு வந்து வைத்தார்கள். மீதியை என் தம்பி ஒரே நாள் கைமாற்றாகக் கொடுத்தான். காலையில் வில்லியனூரில் நகையை மீட்டு, மதியம் பாண்டியில் வளையலை விற்று, இருவர் பணத்தையும் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கழிவு போகக் கையில் மிஞ்சியது மூவாயிரத்துச் சொச்சம். கை மூளியாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் ஒளிவு மறைவு இல்லை.

பட்ட பிறகு விசாரித்துத் தெரிந்து கொண்ட சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். நகைக் கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புது விதிகள் வெளியிட்டது. 2026 ஏப்ரல் முதல் தேதிக்குள் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு. தனியார் அடகுக் கடைகளுக்கு இவை பொருந்தாது. அவற்றுக்கு அந்தந்த மாநிலச் சட்டம்.

நகையை எடை போட்டுத் தரம் பார்க்கும்போது நாம் எதிரில் இருக்க வேண்டும். எடை, தரம், கல்லுக்கும் அழுக்குக்கும் கழித்தது எல்லாம் எழுதிய சான்றை நகையின் படத்தோடு கேட்டு வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு நிபந்தனைகளை விளக்கிச் சொல்ல வேண்டும் என்றும் விதி இருக்கிறது. பணம் முழுதும் கட்டிய பிறகு ஏழு வேலை நாளுக்குள் நகை கைக்கு வர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும்.

ஏலம் என்றாலும் நமக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும். ஏலத்தில் கடன் போக மிஞ்சுகிற பணம் நம்முடையது. நகை போனால் போனதுதான் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடாமல், கணக்குக் கேட்டு அந்த மிச்சத்தை வாங்க வேண்டும்.

இன்னொன்று. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவிகிதம் வரை தரலாம் என்று இப்போது இருக்கிறது. தருகிறார்களே என்று அத்தனையையும் வாங்கிவிடாதீர்கள். தேவைக்கு மட்டும் வாங்கினால்தான் மீட்க முடியும். வட்டியை மாதாமாதம் கட்டப் பாருங்கள். எங்களுடைய வட்டி ஒரு நாளைக்கு அறுபது ரூபாய்தான். பால் விற்ற காசில் அதை எடுத்து வைத்திருக்கலாம். மொத்தமாக வந்து நின்றபோதுதான் அது மலையாகத் தெரிந்தது.

இப்போது எங்கள் வீட்டில் எந்தக் கடன் காகிதமானாலும் சாமி மாடத்தில்தான் இருக்கும். கெடு தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைக்கிறாள் என் சின்ன மகள். அத்தைக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் சிவப்பு வட்டம் தெரியும். "இன்னும் எத்தினி நாளு இருக்குது?" என்று அவ்வப்போது கேட்டுக்கொள்வார்கள்.

உங்கள் வீட்டு அரிசிப் பானையில் ஏதாவது காகிதம் இருந்தால், இன்று ராத்திரியே எடுத்து வெளியே வையுங்கள்.