தீவனக் கணக்கில் பிறந்த திருநாள்

அயர்லாந்து தலைநகர் டப்ளினிலிருந்து வடமேற்கே சுமார் ஒரு மணி நேரப் பயணம். வழியெல்லாம் புல்வெளி, மேயும் மாடுகள். மீத் மாவட்டத்தில் அத்பாய் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு தாழ்வான குன்று இருக்கிறது. பெயர் ட்லாக்ட்கா. நம் மலைகளைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு மேடாகத்தான் தெரியும். உச்சியில் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்ட மண்கரைகள், புல் மூடிக் கிடக்கின்றன.

இன்று பல நாடுகளில் அக்டோபர் 31 அன்று பேய் முகமூடி, பூசணி விளக்கு என்று கொண்டாடும் 'ஹாலோவீன்' திருநாளின் வேர் இந்த மண்ணில்தான் இருக்கிறது. அதன் பழைய பெயர் 'சவின்'. ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கு இன்றும் அதுதான் பெயர். அந்தக் காலத்தில் பொழுது சாய்ந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடும். ஆகவே, நவம்பர் 1-ம் தேதித் திருநாள் முந்தைய மாலையே தொடங்கிவிடும்.

இது அடிப்படையில் மாடு வளர்ப்பவர்களின் நாள். மே மாதத் தொடக்கத்தில் மாடுகளை மேட்டு நிலத்து மேய்ச்சலுக்கு ஓட்டிப் போவார்கள். சவின் வந்ததும் கீழே இறக்குவார்கள். அதற்குள் அறுவடை முடிந்திருக்கும்; குளிரில் புல் வளர்ச்சியும் நின்றுவிடும். அப்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விதான்: கையில் இருக்கும் தீவனம் எத்தனை மாட்டுக்குத் தாங்கும்? தாங்காதவற்றை அறுத்து, இறைச்சியை உப்பிட்டு வைப்பார்கள். பின்னாளில் நில வாடகை கட்டும் தவணையும் நவம்பர் 1, மே 1 என்றே அமைந்தது.

ஆண்டு முடிந்து இருட்டுக் காலம் தொடங்கும் அந்த இரவில், செத்தவர்களின் உலகத்துக்குக் கதவு திறக்கும் என்று நம்பினார்கள். அதனால்தான் தீ மூட்டினார்கள். ட்லாக்ட்கா குன்றில் முதல் தீ ஏற்றி, அதிலிருந்தே நாட்டின் மற்ற அடுப்புகள் எல்லாம் பற்றவைக்கப்பட்டன என்று 17-ம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி கீட்டிங் எழுதிவைத்திருக்கிறார். கிறிஸ்தவ சமயம் வந்து, நவம்பர் 1 அனைத்துப் புனிதர் நாளானது. அதற்கு முந்தைய 'புனித இரவு' என்ற ஆங்கிலப் பெயரே சுருங்கி ஹாலோவீன் ஆயிற்று.

பூசணி எங்கிருந்து வந்தது? அயர்லாந்தில் குடைந்து விளக்கு செய்தது டர்னிப் கிழங்கில்தான். 1845-ல் உருளைக்கிழங்கு வயல்களில் பின்கருகல் நோய் பரவியது. நீலகிரி விவசாயிகளுக்கும் தெரிந்த அதே நோய்தான். பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர்கள் தங்கள் திருநாளையும் கூடவே கொண்டு போனார்கள். அங்கே பெரிதாக விளைந்து, குடையவும் எளிதாக இருந்தது பூசணி. கடைக்காரர்களுக்கும் அதுவே பிடித்துப்போனது.

அயர்லாந்து வீடுகளில் மட்டும் அந்த நாளின் சாப்பாடு இன்னும் விவசாய வீட்டுச் சாப்பாடுதான். மசித்த உருளைக்கிழங்கில் கீரையோ முட்டைக்கோஸோ சேர்த்து, வெண்ணெய் விட்டுக் கிண்டுவார்கள். உலர்திராட்சை போட்ட ரொட்டிக்குள் மோதிரம் ஒளித்து வைப்பார்கள். அது யார் பங்கில் வருகிறதோ, அவருக்கு அந்த ஆண்டில் கல்யாணம் என்பது நம்பிக்கை.

பழைய கேள்வியும் தீரவில்லை. இன்றைக்கும் குளிர்காலம் நெருங்கும்போது மாடுகளைக் கொட்டகையில் கட்டி, ஊறுகாய்ப் புல்லும் உலர்புல்லும் போடுகிறார்கள். இருப்பு குறைந்து, 2013-லும் 2018-லும் வெளிநாட்டிலிருந்து தீவனம் இறக்குமதி செய்ய வேண்டி வந்தது.

கோடை வருவதற்கு முன் வைக்கோல் போரை அண்ணாந்து பார்த்து, எத்தனை உருப்படியை வைத்துக்கொள்ளலாம், எதைச் சந்தைக்கு ஓட்டலாம் என்று மனக்கணக்கு போடும் நமக்கு, அந்தக் குன்றில் எரிந்த தீ அந்நியமாகத் தெரியாது. உங்கள் பகுதியில் மேய்ச்சல் முடிந்து மாடு வீடு திரும்பும் நாளுக்கென்று ஏதாவது வழக்கம் உண்டா? எழுதி அனுப்புங்கள்.