ஒரே குறி

பாதங்களை வெளிநோக்கித் திருப்பி நடப்பவரின் செருப்பு ஒருபக்கமாகத் தேயும். வாகனத்தின் முன்சக்கரங்களுக்கும் இந்நிலை உண்டு. இரு சக்கரங்களும் முன்பக்கம் நெருங்கியிருந்தால் அது டோ இன். விலகியிருந்தால் டோ அவுட். வேறுபாடு சில மில்லிமீட்டர்தான். ஆயினும் 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரு டயர்களின் முன் இடைவெளி, பின் இடைவெளியைவிட 6 மில்லிமீட்டர் கூடினால், ஒவ்வொரு சக்கரமும் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது.

எங்கள் காரின் முன் டயர்களில் உள்விளிம்பு வழவழப்பாகியிருந்தது. வெளிப்புறமோ புதிதுபோல் இருந்தது. உம்மாவும் பிள்ளைகளும் பயணம் செய்யும் வண்டி அது. புது டயர்களை மாட்டியபின், டோவை வீட்டிலேயே அளக்க முனைந்தோம்.

சமதரையில் காற்றழுத்தத்தைச் சரிசெய்து, ஸ்டீயரிங்கை நேராக்கி, வண்டியைச் சற்று முன்னோக்கி உருட்டி நிறுத்தினோம். இரு டயர்களின் பின்பக்கத்தில், அச்சின் உயரத்தில், நடுவே சாக்கட்டியால் குறியிட்டோம். அங்கிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வைத்து, புள்ளிகளின் இடைவெளியை அளந்தோம். பின்னர் அதே குறிகள் அரைச்சுற்றுச் சுற்றி முன்பக்கம் வரும்வரை வண்டியை உருட்டி மீண்டும் அளந்தோம். முன் இடைவெளி 7 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது.

முன்பக்கத்தில் புதுக்குறி இட்டால் வேலை எளிது. ஆனால் சக்கரத்தில் சிறு கோணல் இருப்பின் அதுவும் கணக்கில் கலந்துவிடும். இரு அளவுக்கும் ஒரே குறி வேண்டும்.

திருமறையின் 83ஆம் அத்தியாயமான அல்முதஃப்பிஃபீன், தமக்கு நிறைவாகவும் பிறருக்குக் குறைவாகவும் அளப்போரைக் கண்டிக்கிறது. அது தராசுக்கடைக்கு மட்டும் உரியதன்று. மகளுக்கு ஒரு குறி, மருமகளுக்கு வேறொரு குறி என்று அளக்கும் வீடுகள் நம்மிடையே இல்லையா?

டை ராடின் பூட்டு நட்டைத் தளர்த்தி, இருபுறமும் சம அளவு திருத்தினோம். ஒருபுறம் மட்டும் திருத்தினால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். ஒவ்வொரு முறையும் வண்டியை உருட்டி அளந்து, வாகனக் கையேட்டின் அளவுக்குள் வந்ததும் நட்டை இறுக்கினோம். டை ராடின் முனையில் ஆட்டம் இருந்தால் மெக்கானிக்கிடம் செல்வதே முறை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் எவரும் நுழையலாகாது.

கழற்றிய டயர்களை ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். அவர் பார்த்தது வெளிப்புறத்தை. நாங்கள் புரட்டி உள்விளிம்பைக் காட்டினோம், வாங்காமல் சென்றார். எங்கள் உம்மாவின் பயணத்துக்கு ஆகாதென்று கழற்றியது, அவருடைய உம்மாவின் பயணத்துக்கு எவ்வாறு ஆகும்? நம் அனைவரின் பயணங்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக.