தறிச் சத்தத்துக்கு நடுவே அரிசிம்பருப்பு

பல்லடம், சோமனூர் பக்கம் சாயங்காலம் போனால், பேச்சைவிட விசைத்தறிச் சத்தம்தான் முதலில் காதில் விழும். இருட்டியதும் அதோடு குக்கர் விசிலும் சேர்ந்துகொள்ளும். பல வீடுகளில் உள்ளே வேகுவது அரிசிம்பருப்பு சாதம்.

இதைச் சாம்பார் சாதம் என்று சொல்லிவிட்டால் கொங்கு நாட்டுக்காரர்களுக்குக் கோபம் வரும். புளியும் கிடையாது, சாம்பார்ப் பொடியும் கிடையாது. ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு இரண்டையும் கழுவிக் கால் மணி நேரம் ஊறவைக்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, பூண்டும் சின்ன வெங்காயமும் வதக்கி, தக்காளி குழைந்ததும் மஞ்சள்தூள், உப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர். பிறகு அரிசி, பருப்பு. மூன்று விசில். வெங்காயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பெரிய வெங்காயம் போட்டால் அது வேறு சாப்பாடு.

கணவனுக்குப் பகல் ஷிப்ட், மனைவிக்கு ராத்திரி ஷிப்ட் என்றிருக்கும் வீட்டில் குழம்பு, ரசம், பொரியல் என்று தனித்தனியாக வைக்க நேரம் ஏது? வேலை மாறுகிற அந்த இடைவெளியில் பிள்ளைகளோடு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட இந்த ஒரு குக்கர் போதும். தொட்டுக்கொள்ள சுட்ட அப்பளம், தயிர், ஊறுகாய். கொஞ்சம் நேரம் கிடைத்தால் வரமிளகாயை வறுத்துத் தேங்காயோடு கெட்டியாக அரைத்த துவையல்.

கூலி வந்த வாரம் மேலே நெய் ஊற்றிக்கொள்வார்கள். தறி நின்றுபோன வாரத்தில் நெய் இருக்காது. வெங்காய விலை ஏறினால் வெங்காயமும் பாதியாகும். சாதம் மட்டும் அதே குக்கரில், அதே நேரத்துக்கு.