கொளஞ்சியப்பருக்கு ஒரு ராஜினாமா

கப்பல் காலை 6 மணிக்குச் சென்னைக்கு வந்து ராத்திரி 12 மணிக்குக் கிளம்பும்னு அட்டவணையில பார்த்த அன்னிக்கே ரங்கமணி முடிவு பண்ணிட்டார் போல. எங்கிட்ட சொன்னது என்னவோ சிங்கப்பூர் தாண்டினப்புறம்தான்!

சிட்னியில ஏறி துபாயில இறங்கற 35 நாள் கடல் பயணம். 2024 ஜனவரி. அவரோட ரிட்டயர்மெண்ட் கொண்டாட்டம். கரையில இறங்கினா என்னென்ன பார்க்கலாம்னு கப்பல்காரங்களே ஒரு பட்டியல் தருவாங்க. சென்னைக்கு மூணு இருந்தது. மாமல்லபுரம் போய் கடற்கரைக் கோயிலும் அர்ஜுனன் தபசும். காஞ்சிபுரம் போய் ஏகாம்பரநாதரும் கைலாசநாதரும். இல்லேன்னா ஊருக்குள்ளேயே மயிலாப்பூர், சாந்தோம். நான் காஞ்சிபுரத்துக்கு நேரே பெரிய டிக் போட்டு வச்சிருந்தேன். கைலாசநாதர் கோயிலை இன்னிக்கு வரைக்கும் பார்த்ததில்லைங்க. வெட்கக்கேடு.

"நாம விருத்தாசலம் போயிட்டு வந்துடலாமா?"

கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போக 225 கிலோமீட்டர், வர 225. கப்பல் ஏற்பாடு பண்ற பஸ்ல போய் லேட்டானா கப்பல் காத்திருக்கும். நாமளா வண்டி வச்சுக்கிட்டுப் போய் லேட்டானா டாட்டா காட்டிட்டுப் போயிடும். அடுத்த துறைமுகம் கொழும்பு. நம்ம காசுல ப்ளைட் பிடிச்சுப் போய் ஏறிக்கணும். சொந்தச் செலவில் சூனியம்னு இதைத்தானே சொல்லுவாங்க?

ஆனா நான் மறுத்துப் பேசலை. காரணத்துக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

இவர் பிறந்து வளர்ந்தது விருத்தாசலம். 2006ல விஜயகாந்த் முதல் தடவையா ஜெயிச்சாரே, அதே ஊர். கோயில் இல்லாம அந்த ஊருக்கு இன்னொரு பெருமை பீங்கான். செராமிக் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பம் படிக்கவே ஒரு அரசுக் கல்லூரி எல்லாம் உண்டு. மாமனார் பேட்டையில அச்சு வார்க்கற வேலை. இவரும் அதையே படிச்சார். படிச்சு முடிச்சு மூணு வருஷம் வேலை இல்லை. அத்தை (மாமியாரைத்தான் சொல்றேன்) நேரே கொளஞ்சியப்பர்கிட்ட போய்ப் பிராது கட்டிட்டாங்க.

தெரியாதவங்களுக்கு: ஊருக்கு மேற்கே ரெண்டு மூணு கிலோமீட்டர்ல மணவாளநல்லூர். அங்கே முருகன்தான் கொளஞ்சியப்பர். உருவச்சிலை கிடையாது, பலிபீடம் மாதிரி ஒரு கல். கொளஞ்சிச் செடிப் புதருக்குள்ள மாடு பால் சொரிஞ்சு காட்டிக்கொடுத்த சாமின்னு கதை. அங்கே குறையை வாயால சொன்னாப் போதாது, கோர்ட்டுல கொடுக்கிற மாதிரி காகிதத்துல மனுவா எழுதணும். சாமி முன்னாடி வச்சு எடுத்து, அங்கே இருக்கற முனியப்பர் சன்னதியில கட்டிடுவாங்க. 90 நாளுக்குள்ள தீர்ப்பு வரும்னு நம்பிக்கை. நம்ம ஊர் கோர்ட்டு மாதிரி வாய்தா எல்லாம் இல்லை :-) காரியம் நடந்துட்டா திரும்பி வந்து பிராதை ராஜினாமா பண்ணணும். அதுதான் முக்கியம். சாமி உன் கேஸை இன்னும் கையில வச்சிருப்பார் இல்லையா?

1996ல பிராது. மூணாம் மாசமே சிட்னியில குளியலறைப் பீங்கான் செய்யற ஒரு கம்பெனியில வேலை. "ராஜினாமாவுக்கு நீயும் கூட வரணும்டா"ன்னு அத்தை சொல்லிக்கிட்டே இருந்தாங்க. இவரும் "அடுத்த தடவைம்மா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். மாமனார் போனப்புறம் அத்தை நாத்தனார் வீட்டுக்குச் சென்னைக்கு வந்துட்டாங்க. விருத்தாசலம் வீட்டை வித்தாச்சு. அதுக்கப்புறம் எங்க இந்தியப் பயணம் எல்லாம் சென்னை, கல்யாண வீடு, திருப்பதி, தி.நகர். அவ்வளவுதான்.

2021 மே மாசம் அத்தை போயிட்டாங்க. அப்ப ஆஸ்திரேலியா எல்லைக்கதவை இழுத்துச் சாத்தியிருந்தது. இவர் சமையலறை மேசையில போனை நிமிர்த்தி வச்சுக்கிட்டு எல்லாத்தையும் வீடியோவுல பார்த்தார். அஸ்தியை மச்சான் கொண்டுபோய் மணிமுத்தாத்துல கரைச்சார். காசியை விட இங்கே புண்ணியம் வீசம் கூடன்னு ஊர்க்காரங்க சொல்வாங்க. விருத்தகாசின்னே பேர்.

சரி, இப்ப கப்பலுக்கு வருவோம்.

ஓசிஐ அட்டை, பாஸ்போர்ட், முகத்தை உத்துப் பார்க்கறது எல்லாம் முடிஞ்சு வெளியில வர மணி எட்டு. வண்டியோட்டி வந்த தம்பி சின்னப் பையன். "எத்தனை மணிக்கும்மா திரும்பணும்?"னான். கப்பல் வாசல்ல 11 மணிக்குள்ள நிக்கணும்னேன். "கப்பலா?"ன்னு திரும்பி ஒரு தடவை பார்த்தான். அதுக்கப்புறம் பேச்சு இல்லை, ஆக்ஸிலரேட்டர்தான். விக்கிரவாண்டி டோல்கேட், உளுந்தூர்பேட்டை, அங்கே இருந்து திரும்பி ஊருக்குள்ள நுழையறப்ப 12.40.

பெரிய கோயில் நடை சாத்தியாச்சு!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த ஊர்லயே பொறந்தவருக்கு உச்சிப்பொழுதுல கோயில் சாத்துவாங்கன்னு தெரியாதா? தெரியுமாம். மறந்துட்டாராம். நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. நேரத்தை எண்ணிப் பார்த்தா வயித்துல புளி கரைச்சது.

சாப்பிட்டுட்டு, "பேட்டைப் பக்கம் போகலாம்"னார். ஒரு பட்டறையில உள்ளே வந்து பார்க்கச் சொன்னாங்க. களிமண், பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூணையும் தண்ணி விட்டு அரைச்சு, தோசைமாவுப் பதத்துல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள்ள ஊத்தறாங்க. அச்சு தண்ணியை உறிஞ்சிக்கும். ஓரமா தோல் மாதிரி ஒரு கனம் பிடிச்சதும் மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டிடறாங்க. கொலு பொம்மை உள்ளே ஏன் கூடா இருக்குன்னு இத்தனை வயசுக்கு அப்புறம் எனக்குப் புரிஞ்சது. காஞ்சதும் பிசிறு சீவி, சூளை. வெந்து வரும்போது பத்துல ஒரு பங்கு சுருங்கிடுமாம், அதனால அச்சையே பெரிசா செய்யணுமாம். ஒரு காலத்துல மின்கம்பத்து இன்சுலேட்டரும், வீட்டு ஃப்யூஸ் கட்டையும் இங்கே வண்டி வண்டியாப் போகும். இப்ப ஃப்யூஸ் கட்டையை யார் தேடறாங்க? எல்லார் வீட்டுலயும் ட்ரிப்பர். அகல்விளக்கும் பொம்மையும் ஜாடியும்தான் கைகொடுக்குதுன்னு பட்டறைக்காரர் சொன்னார்.

நம்மாளு பேசாம ஒரு அச்சை எடுத்துக் கவிழ்த்தார். கொட்டற கையில மணிக்கட்டு ஒரு சுத்து சுத்தி நின்னது. பட்டறைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "சார் யார் வீட்டுப் பையன்?"னார். அறுபது தாண்டின பையன்! அப்பா பேரைச் சொன்னதும் அவருக்குத் தெரிஞ்சிருந்தது. வேண்டாம் வேண்டாம்னு சொல்லச்சொல்ல ஒரு ஊறுகாய் ஜாடியைக் காகிதத்துல சுத்திக் கையில கொடுத்துட்டார்.

நாலு மணிக்கு விருத்தகிரீஸ்வரர். தமிழ்ல பழமலைநாதர். 10ஆம் நூற்றாண்டுல செம்பியன் மாதேவி கற்றளியா எடுத்த கோயில். இங்கே எல்லாமே அஞ்சு. கோபுரம், பிராகாரம், கொடிமரம், தேர், நந்தி எல்லாம் அஞ்சஞ்சு. 2022ல கும்பாபிஷேகம் ஆகியிருக்கு. ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்கப் படி இறங்கிப் போகணும். முருகன் பூஜிச்ச 28 லிங்கங்கள் ஆகமத்துக்கு ஒண்ணா வரிசையா இருக்கு. அம்மனும் ரெண்டு பேர், கிழவி ஒருத்தி, குமரி ஒருத்தி. வேற நாளா இருந்தா தூண் தூணா நின்னு படம் எடுத்துத் தள்ளியிருப்பேன். அன்னிக்கு ஓட்டப்பந்தயம்.

ஆத்துப்பக்கம் போனோம். கால்வாசி தண்ணி, முக்கால்வாசி மணலும் முள்ளும். சுந்தரர் 12,000 பொன்னை இந்த ஆத்துல போட்டுட்டுத் திருவாரூர்க் குளத்துல எடுத்தாராம். 'ஆத்துல போட்டுட்டுக் குளத்துல தேடறது'ன்னு நாம கேலியா சொல்றதெல்லாம் அவரை வச்சுத்தான். இங்கே கரைக்கிற எலும்பு கூழாங்கல்லா மாறிடும்னு ஒரு நம்பிக்கையும் உண்டு. இவர் குனிஞ்சு ஒரு கல்லை எடுத்தார்.

"கொண்டு போகலாமே"ன்னேன்.

"எது அம்மா, எது பக்கத்துத் தெரு ஆறுமுகம்னு எப்படிடீ தெரியும்?"னு சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே இருந்தவர் அப்படியே உட்கார்ந்துட்டார். நான் அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு நின்னேன். மணியைப் பார்க்கலை. நிஜமாவே பார்க்கலை.

மணவாளநல்லூர் போறப்ப அஞ்சேகால். ராஜினாமான்னு சொன்னதும் அங்கே இருந்தவர் சாதாரணமாத் தலையாட்டினார். எப்ப கட்டின பிராது?

"1996ங்க."

இதுக்குமா அசராம இருப்பார்? இருந்தார். "மாசம், தேதி தெரியுமா? தெரியலைன்னாத் தெரிஞ்சதை எழுதுங்க சார்."

இவருக்கு இங்கிலீஷ்ல கையெழுத்துப் போட்டே பழகின கை. தமிழ்ல எழுதி எத்தனை வருஷம் ஆச்சோ, கோணல்மாணலா வந்தது. அத்தை பேர். மகனுக்கு வேலை கேட்டுப் பிராது கட்டினாங்க, வேலை கிடைச்சது, ராஜினாமா செய்யறோம். அவ்வளவுதான், மூணே வரி. தாமதத்துக்கு வருந்துகிறேன்னு ஆபீஸ் லெட்டர் மாதிரி ஒரு வரி சேர்த்தார். பிறகு அதை அடிச்சுட்டார்.

"எந்த ஊர் சார்?"

நான் சிட்னின்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள இவர், "விருத்தாசலம்தாங்க. பேட்டைத் தெரு"ன்னார்.

அர்ச்சனை, விபூதி எல்லாம் முடிஞ்சு வண்டியில ஏறும்போது ஆறு அடிக்கப் பத்து நிமிஷம். திரும்பற வழி முழுக்க இவர் தூங்கினார். நான் ஒவ்வொரு மைல்கல்லா எண்ணிக்கிட்டு வந்தேன். தாம்பரத்துக்கு முன்னாடி வண்டிகள் நின்ன வரிசையைப் பார்த்ததும் கொழும்புக்கு டிக்கெட் என்ன விலைன்னு போன்ல தேட ஆரம்பிச்சுட்டேன். அந்தத் தம்பி எந்தெந்தச் சந்துல புகுந்தானோ தெரியாது, துறைமுக வாசல்ல கண்டெய்னர் லாரிகளைத் தாண்டி 10.35க்குக் கொண்டு வந்து இறக்கிட்டான். நல்லா இருக்கணும்.

கப்பல் வாசல்ல எக்ஸ்ரே மெஷின். காகிதப் பொட்டலத்தைப் பார்த்து இது என்னன்னு கேட்டாங்க. "ஊர்ல கொடுத்தாங்க"ன்னு இவர் தமிழ்லயே பதில் சொல்றார், அந்தப் பிலிப்பைன்ஸ் பொண்ணுகிட்ட! நான் பிரிச்சுக் காட்டினேன். ஜாடின்னு தெரிஞ்சதும் விட்டுட்டாங்க.

சாப்பாட்டுக்கூடம் மூடியாச்சு. உளுந்தூர்பேட்டையில வாங்கின கடலைமிட்டாயைத் தின்னுட்டுப் படுத்தோம். காஞ்சிபுரம் எனக்கு இன்னும் பாக்கி இருக்கு, அதையும் இங்கே எழுதி வச்சுடறேன். நாளைக்கு ஒருத்தர் மறந்துட்டேன்னு சொல்லக்கூடாது பாருங்க.