சுவருக்கு உள்ளே

டெல்லியின் முனிர்கா கிராமம். ஞாயிறு காலை ஏழு மணி. மூன்றாம் மாடி அறையில் ஓர் இளைஞன் கட்டில்மேல் மண்டியிட்டு, கையடக்க லேசர் கருவியைச் சுவரோடு ஒட்டி வைக்கிறான். எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளி. 9 அடி. திரும்புகிறான். 8 அடி.

நோட்டில் 72 சதுர அடி. அடுப்பு மேடையும் அதில் அடக்கம்.

கருவி கம்பெனியுடையது. கழுத்து அட்டையும் அப்படியே. பெயருக்குக் கீழே ‘கிராஜுவேட் டிரெய்னி’. திருநெல்வேலியில் சிவில் படித்தவன்.

கைபேசி ஒலிக்கிறது.

“எய்யா, சாப்ட்டியா?”

“இனிமேதாம்மா.”

“ஞாயித்துக்கெழமையுமா வேல?”

“இன்னைக்குத்தாம்மா வீடு பாக்க ஆளு வரும்.”

“வீடு கட்டுத வேலதானே?”

சட்டையில் இரண்டு பொத்தான் போடும் நேரம் பதில் இல்லை.

“மொதல்ல விக்கப் பழகணும்மா.”

சந்து. எதிரெதிர் பால்கனிகள் கை எட்டும் தூரத்தில். நடுவே மின்கம்பி, கேபிள் சுருள், காயும் துண்டு. சுவரெங்கும் ‘டு லெட்’ தாள்கள். கண்ணாடிக் கதவு போட்ட பிராப்பர்ட்டி டீலர் கடை. வாசலில் புல்லட்.

கயிற்றுக்கட்டிலில் வீட்டுக்காரர். ஹுக்கா புகைகிறது. டோக்கஸ் குல ஜாட்கள் இந்த ஊரின் பழைய குடிகள். ஊர் வயல்களில் ஒரு பகுதி இன்று ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக வளாகம். வீடுகள் நின்ற நிலம் மட்டும் லால் டோரா என்ற சிவப்புக் கோட்டுக்குள் தங்கியது. 1908 நிலவரி நிர்ணயத்தின்போது போட்ட கோடு. 1963 அறிவிப்பு கோட்டுக்குள் கட்டட விதிகளைத் தளர்த்தியது. வயல் போனது. மாடிகள் முளைத்தன.

கிழவர் கேட்கிறார்: உங்கள் கம்பெனியில் சதுர அடி என்ன விலை?

பதினெட்டாயிரம்.

ஹுக்காக் குழல் வாயிலிருந்து இறங்குகிறது. கிழவரின் பார்வை தன் கட்டடத்தின் அடியில் தொடங்கி, மெதுவாகத் தண்ணீர்த் தொட்டி வரை ஏறுகிறது.

மெட்ரோ ஸ்டேஷன் 2018-இல் திறந்தது. மூன்றாவது நிறுத்தம் ஹௌஸ் காஸ். அங்கே மஞ்சள் லைனுக்கு மாற்றம். மடியில் நோட்டு. விற்பனைப் பேச்சு முழுவதும் ஹிந்தி, எழுத்து தமிழ். உதடுகள் அசைகின்றன. ‘நமஸ்தே சார், ஆப் கப் ஆயேங்கே?’ அடுத்த பக்கம். மறுபடி முதல் பக்கம்.

குருகிராம். இங்கும் வயல்கள் இருந்தன. டி.எல்.எஃப். நிறுவனம் 1980-களில் அவற்றை நகரமாக்கத் தொடங்கியது.

சைட் ஆபீஸ். கண்ணாடிப் பெட்டிக்குள் கோபுரங்கள், விரல் உயர மரங்கள். மாதிரி ஃபிளாட்டில் அறைக்கதவுகளே இல்லை. அறைகள் பெரிதாகத் தெரிகின்றன. சோபாவில் இன்னும் பிளாஸ்டிக் உறை.

பத்தரை. யாரும் இல்லை. பதினொன்று. யாரும் இல்லை. டிரெய்னி காகிதக் கோப்பைகளை அடுக்குகிறான். கலைத்து மறுபடி அடுக்குகிறான்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு தம்பதி. இருவருக்கும் நரைத்த தலை. அம்மாள் ஒவ்வோர் அலமாரியையும் திறந்து மூடுகிறார். சமையல் மேடையில் உள்ளங்கையை விரித்து, சாண் சாணாக அளக்கிறார்.

“எவ்வளவு?”

“1,800 சதுர அடி, மேடம்.” சொல்வது சீனியர்.

“கால் வைக்கிற இடம்?”

“1,800, மேடம்.”

அம்மாளின் பார்வை கழுத்து அட்டையில் நிற்கிறது. அட்டைக்காரன் எச்சில் விழுங்குகிறான்.

“கார்பெட் ஏரியா 1,080, மேடம்.”

2016 ரியல் எஸ்டேட் சட்டம் கணக்கில் எடுப்பது இந்த எண்ணைத்தான். உள்சுவர் சேரும். வெளிச்சுவர் சேராது.

“பால்கனி?”

“சேராது.”

“லிஃப்ட், மாடிப்படி?”

“சேராது, மேடம்.”

சீனியர் தண்ணீர் பிடிக்கப் போகிறார். கோப்பை நிறைந்த பிறகும் அங்கேயே நிற்கிறார்.

அம்மாள் கைபேசியில் மொத்த விலையை 1,080-ஆல் வகுத்துக் கணவரிடம் நீட்டுகிறார். அவர் கண்ணாடி மாட்டி, இலக்கங்களை விரலால் எண்ணுகிறார். பிறகு கார் நிறுத்தும் இடம் பற்றிக் கேட்கிறார். கேட்பது டிரெய்னியிடம்.