ஜீப்பில் ஏறிய கம்ப்யூட்டர்

போன வாரம் வீட்டுக்கு வெள்ளை அடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தோம். பழைய பேப்பர், வெண்கலப் பானை இவற்றோடு ஒரு தேக்குப் பலகையும் இறங்கியது. அடியில் சைக்கிள் டியூப்பை வெட்டி ஆணி அடித்திருக்கும். மேலே பட்டையான இரண்டு பெல்ட். "இது என்ன தாத்தா?" என்று பேரன் கேட்டான். "ஜீப்பில் கம்ப்யூட்டர் வைக்கிற பலகை" என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தக் கதையை இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நில அளவைத் துறையில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து 2006இல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருஷம் என் பள்ளி நண்பர், ஓய்வு பெற்ற டாக்டர், என்னை இழுத்துக்கொண்டார். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஜீப்பில் போவார். ஜமுனாமரத்தூர் வரைக்கும் தார் ரோடு. அதற்கப்புறம் சாமைக் கொல்லைகளுக்கும் புளிய மரங்களுக்கும் நடுவே மண் தடம்தான். பத்து வீடு, இருபது வீடு உள்ள ஊர்களில் மருந்து கொடுத்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவார். நான் சீட்டு எழுதுகிற ஆள்.

ஜீப் ஓட்டியவரை எல்லோரும் டிரைவர் அண்ணன் என்றே கூப்பிடுவோம். எனக்கு இரண்டு வயது மூத்தவர். முப்பது வருஷமாக அந்த மலையில் புளி, பலா, சாமை மூட்டை ஏற்றி ஓட்டியவர். எந்த மழைக்கு எந்த ஓடை எத்தனை நாள் தாண்ட விடாது என்று விரல் விட்டுச் சொல்வார். அவருக்குக் கண்ணில் அழுத்த நோய் வந்துவிட்டது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று கண் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். டாக்டரிடம் அவரே வந்து, "பொழுது சாஞ்சா ஓரம் தெரியல சார், வேற ஆளு பாத்துக்கோங்க" என்று சொன்னார்.

வேறு ஆள் கிடைப்பான். வழி தெரிந்த ஆள் எங்கே கிடைப்பான்? அப்போதுதான் நான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் வந்தேன். "வழியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம்" என்றேன்.

அப்போது இன்றைக்கு இருக்கிற மாதிரி ஃபோன் கிடையாது. என் மகன் விட்டுப் போன பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. சென்னையில் ஒரு கடையில் ஜிபிஎஸ் ரிசீவர் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு டப்பா, அடியில் காந்தம், யுஎஸ்பி வயர். ஜீப்புக்கு மேலே கேன்வாஸ் கூரை, காந்தம் எங்கே ஒட்டும்? கூரைக் கம்பியில் ஒரு இரும்புத் தகட்டை வெல்டிங் வைத்து அதன்மேல் உட்கார வைத்தோம்.

கரண்டுக்கு இன்வெர்ட்டர். முதலில் சிகரெட் லைட்டர் துளையில் செருகினேன், பியூஸ் போய்விட்டது. லேப்டாப்புக்கு 65 வாட் என்றால் 12 வோல்ட்டில் ஐந்தரை ஆம்பியர். இன்வெர்ட்டர் தின்கிறதையும் சேர்த்தால் ஏழு ஆகிறது. அந்தப் பழைய வயர் எப்படித் தாங்கும்? எலக்ட்ரீஷியனை வைத்து பேட்டரியிலிருந்தே தடித்த வயர் இழுத்து, பேட்டரி பக்கத்திலேயே தனி பியூஸ் போட்டோம். டீசல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் சட்டென்று இறங்கும். அதனால் எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகுதான் இன்வெர்ட்டரைப் போட வேண்டும். இதையும் ஒரு தடவை அனுபவப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்தது குலுக்கல். லேப்டாப்புக்குள் ஹார்ட் டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும். கல் ரோட்டில் அடி வாங்கினால் அவ்வளவுதான். அதற்குத்தான் தச்சர் செய்து கொடுத்த அந்தத் தேக்குப் பலகையும் சைக்கிள் டியூப்பும். வெயிலில் திரை தெரியாது, கறுப்பு அட்டையில் முக்காடு போட்டேன். இன்னொரு தொல்லை: ரிசீவரை ஒரு நாள் இடது துளையிலும் இன்னொரு நாள் வலது துளையிலும் செருகினால் கம்ப்யூட்டர் அதற்கு வேறு வேறு போர்ட் நம்பர் கொடுத்துவிடும். சாஃப்ட்வேர் பழைய நம்பரைப் பார்த்துக்கொண்டு சிக்னல் இல்லை என்று சொல்லும். கடைசியில் மனைவியின் நகப்பூச்சை எடுத்து ஒரு துளையில் அடையாளம் வைத்தேன்.

சாஃப்ட்வேர், ஆஸ்திரேலியாவில் உருவான ஓஸி எக்ஸ்ப்ளோரர். காகித மேப்பை ஸ்கேன் செய்து கொடுத்தால், நாம் அதில் நாலைந்து புள்ளிகளுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை சொல்லிக் கொடுக்க வேண்டும். பிறகு அந்தப் படத்தின் மேலேயே நம் வண்டி நகர்வதைக் காட்டும். சர்வே ஆஃப் இந்தியாவின் 57 எல் வரிசைத் தாள்கள் என்னிடம் இருந்தன. இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் அளவு. எல்லாம் பழைய பதிப்பு. மூன்று ராத்திரி உட்கார்ந்து புள்ளி வைத்தேன். ஒரு சர்வேயருக்கு இது ஜுஜுபி என்று நினைத்தேன்.

போளூரில் ஓட்டிப் பார்த்தபோதே அம்புக்குறி ரோட்டை விட்டு வயலில் ஓடியது. "அமெரிக்காக்காரன் வேண்டுமென்றே கொஞ்சம் தப்பாகத்தான் சிக்னல் கொடுப்பான்" என்று எல்லோரிடமும் விளக்கினேன். அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது உண்மைதான். ஆனால் 2000ஆம் வருஷம் மே மாதமே அதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. தெரிந்த மாதிரி பேசினேன்.

அந்த ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். கடைசி ஊரில் ஒரு பையனுக்கு நாலு நாள் காய்ச்சல், ஏழு எட்டு வயது இருக்கும். உடனே ஜமுனாமரத்தூர் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். பையனையும் அவன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டோம். வழக்கமான தடத்தில் மரம் விழுந்து கிடந்தது. சுற்று வழியில் திரும்ப வேண்டும். இருட்டிக்கொண்டு வந்தது. திரையில் அம்புக்குறி சரியாகக் கிளை பிரியும் இடத்தில் நின்றது. "இங்கேயே வலது பக்கம் ஒடிங்க" என்றேன்.

டிரைவர் அண்ணன் பிரேக் போட்டார். "இன்னும் கொஞ்சம் முன்னால போனா வழி வரும் சார்" என்றார்.

"இல்லண்ணே, மேப் இங்கதான் காட்டுது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஒடித்தார். வெளிச்சத்தில் மணல் தடம் மாதிரிதான் தெரிந்தது. ஐம்பது அடி போனதும் முன் சக்கரம் இறங்கியது. அது வழி இல்லை, ஓடை. ஃபோர் வீல் போட்டும் அசையவில்லை. கல்லும் கிளையும் அடைத்து வண்டியை வெளியே எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பின் சீட்டில் அந்த அம்மா பையன் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பையன் பிழைத்துக்கொண்டான். மறுநாள் காலை இட்லி சாப்பிட்டான் என்று சொன்னார்கள். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

ஜமுனாமரத்தூரில் டீ குடிக்கும்போது டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். "ஓடைன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல, ஏன் ஒடிச்சீங்க?"

"நீங்க சொன்னீங்க சார். கண்ணு சரியில்லன்னு வாய விட்டுச் சொன்னவன் நான். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு ஒங்ககிட்ட தகராறு பண்றது?"

வீட்டுக்கு வந்து தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஓரத்திலேயே அச்சடித்திருக்கிறது, நான் படிக்கவில்லை. 1802இல் லாம்டன் துரை நம் பரங்கிமலைப் பக்கத்தில் ஏழரை மைல் அடிக்கோடு அளந்து ஆரம்பித்தாரே, அந்தப் பெரிய அளவைக்குப் பின்னால் வந்த எவரெஸ்ட், பூமி இன்ன உருண்டை என்று ஒரு கணக்கு வைத்தார். நம் பழைய தாள்கள் அந்தக் கணக்கில் வரைந்தவை. ஜிபிஎஸ் பேசுவது வேறு உருண்டைக் கணக்கு. ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இரண்டிலும் ஒரே இடத்தைக் குறிக்காது. நம் பக்கத்தில் ஏறக்குறைய 200 மீட்டர் தள்ளிப்போகும். சாஃப்ட்வேரில் "இந்தத் தாள் எந்தக் கணக்கு" என்று கேட்கிற கட்டம் ஒன்று உண்டு. அதை அப்படியே விட்டுவிட்டு ஓகே அழுத்தியிருந்தேன். வாழ்நாள் முழுக்க அரை லிங்க் வித்தியாசத்துக்கு விவசாயிகளோடு வாதாடிய மனுஷன், 200 மீட்டரைக் கோட்டை விட்டேன்.

கட்டத்தை மாற்றியதும் அம்புக்குறி ரோட்டுக்கு வந்தது. ஆனால் எனக்கு வேறொன்றும் புரிந்தது. அந்தத் தாளில் ஊரும் ஓடையும் மலையும் இருந்தனவே தவிர, இப்போது வண்டி போகிற தடங்களில் பாதி இல்லை. அவை இருந்த ஒரே இடம் டிரைவர் அண்ணன் தலை.

அவர் வீட்டுக்குப் போய், "என் மேல கோபம் இல்லன்னா நாலு மாசம் என்கூட வரணும். பகல்ல மட்டும். நீங்க ஓட்டுங்க, மெஷின் ஒங்க பின்னால வரட்டும்" என்றேன். வெற்றிலையை மென்று முடிக்கிறவரை யோசித்தார். "அப்ப அதுக்குத்தான் வழி தெரியாதுன்றீங்க" என்றார். அன்றுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

2008 பங்குனி வரைக்கும் சுற்றினோம். வண்டி போன கோட்டை மெஷின் பதிந்துகொண்டே வரும். அவர் பெயர் சொல்வார், நான் தட்டுவேன். கிழவி புளி. வழுக்குப் பாறை. தேன்கூட்டு மேடு. மாடு செத்த பள்ளம். எந்தத் தாளிலும் இல்லாத பெயர்கள். தமிழில் தட்ட எனக்கு வராது, இங்கிலீஷ் எழுத்தில் ஏற்றினேன். சில இடங்களில் நிறுத்தி, "இங்க மழை நாள்ல வராதேன்னு எழுது சார்" என்பார். மரம் அடர்ந்த இடத்தில் சிக்னல் போய்விடும். "அதுக்கும் கண்ணு மங்குது போல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

வேலை முடிந்த கடைசி நாள் புது டிரைவர் பையன் ஓட்டினான். அண்ணன் பக்கத்துச் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மெஷின் சொல்ல வேணாம், நான் சொல்றேன், நீங்க சரி பாருங்க" என்றார். குலுங்கலை வைத்தே ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பதினேழு பெயர். நான் திரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

பிறகு அவர் மகள் வீட்டோடு போய்விட்டார். சில வருஷத்தில் காலமானார். லேப்டாப்பும் செத்தது. அதற்குள் அந்தப் பதிவுகளை மகன் வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்தான்.

பேரனைக் கூப்பிட்டு அவற்றை என் ஃபோனில் போடச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் போட்டுவிட்டான். பெரிதாக்கிப் பார்த்தோம். "கிழவி புளின்னா யாரு தாத்தா?" என்றான்.

உட்காரச் சொல்லி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை சிரிக்காமல் கேட்டான்.