பதினாறு பேருடன் பெரு தேசத்துக்கு

அத்திப்பட்டிலிருந்து எங்கே போவதானாலும் முதலில் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும். காசிக்குப் போகிறவருக்கும் அதே வழிதான். பெரு தேசத்துக்குப் போகிறவருக்கும் அதே வழிதான். பின்னவர் இவ்வூரில் அதிகம் பேர் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. ஆயினும் நமக்கு அந்த ஆசை உண்டாகி வெகுகாலமாகிறது. இருபது வருஷமாக உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் போதித்து, சுவரில் மாட்டிய படத்தில் ஆண்டிஸ் மலைத் தொடரைப் பிரம்பு நுனியால் மேலிருந்து கீழே இழுத்துக் காட்டிக் காட்டி, நம் மனம் அந்த நுனியிலேயே ஒட்டிக்கொண்டு விட்டது.

படத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் நேயர்களுக்கும் ஒரு வேடிக்கை புலப்படும். சென்னை, பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது; பெருவின் தலைநகரான லிமா தெற்கே 12 பாகையில். நாம் கிழக்கே 80 பாகை. அவர்கள் மேற்கே 77. ஏறக்குறைய பூமியைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் எட்டிப் பார்ப்பது போலத்தான். இங்கே காலை ஒன்பதரைக்குப் பள்ளி மணி அடிக்கும்போது அங்கே முந்தின நாள் இரவு மணி பதினொன்று.

இவ்வளவு தூரத்து தேசம் நமக்கு அந்நியமா என்றால், அதுவும் இல்லை. உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலைச் சரிவில் பிறந்தது. வேர்க்கடலை, முந்திரி, மரவள்ளி, அன்னாசி எல்லாமே தென் அமெரிக்கச் சரக்குகள். மிளகாய்க் குலத்தின் பூர்வீகமும் அந்தக் கண்டமே. போர்ச்சுக்கீசியரும் அவர்களைத் தொடர்ந்தவர்களும் கப்பலேற்றிக் கொண்டு வந்திராவிட்டால் நம் வீட்டுச் சமையல் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே நாக்கு வறள்கிறது. பதிலுக்கு நாமும் சும்மா இருக்கவில்லை. சென்னை வட்டாரத்தில் செய்த மோட்டார் கார்கள் சிலி, பெரு வீதிகளில் ஓடுகின்றன. நம் ஊருக்கு அருகிலுள்ள காமராஜர் துறைமுகத்திலும் அயல்நாடு செல்லும் கார்கள் வரிசை வரிசையாகக் கப்பலேறுகின்றன. காரிடம் விசா கேட்பாரில்லை, உபாத்தியாயரிடம் கேட்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும் விட நம்மை இழுத்தது உப்பு. அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உப்பளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாத்தி பாத்தியாகக் கட்டிய வெள்ளை நிலமும், அதன் மேல் கண் கூசும் வெயிலும் நம் பால்ய ஞாபகங்கள். பாத்திகள் இருந்த பல இடங்களில் இன்று தொழிற்சாலைகளும் பெட்டகக் கிடங்குகளும் வந்து விட்டன. பொலிவியா தேசத்து உயூனி என்னுமிடத்தில் பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் ஒரே உப்பு வெளி, கடல் மட்டத்துக்கு 3,650 மீட்டர் உயரத்தில், பாத்தியும் வரப்பும் இல்லாமல் விரிந்து கிடக்கிறதென்று படித்த நாள் முதல், கண்ணை மூடுமுன் ஒரு தரம் அதில் நின்றுவிட வேண்டுமென்பது நம் உத்தேசமாக இருந்தது.

தனியே போவதா, கோஷ்டியாகப் போவதா என்பது முதல் கேள்வி. நம் ஸ்பானிய பாஷா ஞானம் "வணக்கம்", "நன்றி" என்னும் இரண்டு சொற்களோடு முடிந்து விடுகிறது. நம் சகதர்மிணிக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. புன்னகையாலேயே எந்த தேசத்திலும் காய்கறி பேரம் செய்யலாமென்பது அவள் சித்தாந்தம். ஆனால் நடுராத்திரியில் மலையூர் ஒன்றில் மூச்சு முட்டினால் புன்னகை போதாதே! ஆகையால் கோஷ்டி என்று தீர்மானித்தோம்.

கோஷ்டி யாத்திரை நமக்குப் புதிய சங்கதி அல்ல. இதே வட சென்னையில், தண்டையார்ப்பேட்டையிலிருந்து, 1830-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி ஏனுகுல வீராசாமி என்பவர் காசி யாத்திரை புறப்பட்டார். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துவிபாஷியாக உத்தியோகம் பார்த்தவர். நூறு பேருக்கு மேல் உடன் சென்றனர். 1831 செப்டம்பர் 3-ந் தேதி திரும்பி வந்தார். பதினைந்து மாதத்துக்கும் மேல். வழியில் கண்டதையெல்லாம் தெலுங்கில் எழுதி வைத்தார்; அவர் காலஞ்சென்ற பின் 1838-ல் அது புஸ்தகமாக வெளிவந்தது. இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் 1841 ஜூலையில் லெஸ்டர் நகரிலிருந்து ஐந்நூறு பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலேற்றி, உல்லாசப் பிரயாணத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டாரென்று சரித்திரம் எழுதுகிறார்கள். நம் தண்டையார்ப்பேட்டைக்காரர் அதற்கு ஏறக்குறைய பத்து வருஷம் முன்பே ஊர் திரும்பி, மூட்டையைப் பிரித்து வைத்து விட்டார் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக் கொள்கிறோம்.

வீராசாமிக்கு நூறு பேர் சரி. நமக்கு எத்தனை பேர்? விசாரித்ததில் கம்பெனிகள் இரண்டு தினுசாகத் தெரிந்தன. நாற்பது பேரைத் திரட்டி, பெரிய பஸ்ஸில் ஏற்றி, நம்மவர் சாப்பாட்டுக்கு உத்தரவாதம் தந்து, கொடி பிடித்த ஒருவர் பின்னால் நடத்திச் செல்வது ஒரு தினுசு. பன்னிரண்டு முதல் பதினாறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்று விதி வைத்துக்கொண்டு, உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் சிறு வண்டியில் போவது மற்றது. முன்னதை இகழ நமக்கு மனமில்லை. தயிர் சாதமும் ஊறுகாயும் தேடி வந்து கிடைப்பது அற்ப விஷயமா? ஆனால் நாற்பது பேர் காலைப் பலகாரம் முடித்து, எண்ணிப் பார்த்து, ஒருவர் குறைந்து, அவரைத் தேடிப் பிடித்துக் கிளம்புவதற்குள் பாதிக் காலை போய்விடும். இதைப் பள்ளிச் சுற்றுலா நடத்திய எந்த உபாத்தியாயரும் ஒப்புக்கொள்வார்.

அந்தத் தினுசைச் சேர்ந்த ஒரு கம்பெனியின் பிரதிநிதி தொலைபேசியில் நம்மிடம் பேசினார். பெரு, பொலிவியா, சிலி, ஆர்ஜெண்டினா, பிரேஸில் ஐந்தும் பதினான்கே நாளில் காட்டுவதாக வாக்களித்தார். நாம் படத்தில் நூலை வைத்து அளந்து பார்த்தோம். அவர் காட்டப் போவது பெரும்பாலும் விமான நிலையங்கள்தான் என்று தெரிந்தது.

ஆனால் உண்மையான சங்கடம் தூரத்தில் இல்லை, உயரத்தில் இருந்தது. நம் சகதர்மிணிக்குப் பத்து வருஷமாக இழுப்பு உண்டு. மருந்தினால் கட்டுப்பட்டிருக்கிறது, மாடிப்படி ஏறினால் ஒரு நிமிஷம் கைப்பிடியைப் பற்றி நிற்பாள். அத்திப்பட்டு கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே இருக்கிறது. பழைய இன்காக்களின் தலைநகரான குஸ்கோவோ 3,400 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு இங்கே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம்; வாலிபர், பலசாலி என்று அது பார்ப்பதில்லை. 3,000 மீட்டருக்கு மேல் போனால், படுக்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. நம் டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டு, "போகலாம், மெதுவாக ஏற வேண்டும். அவசரமாக ஏற்றுகிற கோஷ்டியோடு போகக்கூடாது" என்றார்.

அன்றிரவு விளம்பரப் புஸ்தகங்களை மேஜை மேல் பரப்பி, ஒவ்வொரு நாளின் ஊருக்கு எதிரிலும் அதன் உயரத்தைப் பென்ஸிலால் எழுதினோம். வண்ணப் படங்கள் சொல்லாத ரகசியத்தை அந்த எண்கள் சொல்லின. ஒரு கம்பெனி முதல் இரவு லிமாவில் கடலோரம் படுக்க வைத்து, மறுநாளே விமானத்தில் குஸ்கோவுக்குத் தூக்கிச் சென்று, நான்காம் நாள் டிட்டிகாகா ஏரிக்கரையில், 3,812 மீட்டரில், நிறுத்துகிறது. இன்னொரு கம்பெனி லிமாவிலிருந்து 2,335 மீட்டர் உயரமுள்ள அரெக்விப்பா நகருக்குப் போய் மூன்று இரவு தங்குகிறது. பிறகு குஸ்கோவில் விமானம் இறங்கியதும் அங்கே தங்காமல் உருபம்பா நதிப் பள்ளத்தாக்குக்கு இறங்கி, 2,800 மீட்டரில் படுக்கிறது. அங்கிருந்து ரயிலில் மச்சுப் பிச்சு. அந்த மலைக்கோட்டை குஸ்கோவை விடக் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் தாழ்வாக, 2,430 மீட்டரில்தான் இருக்கிறது. குஸ்கோவைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். இந்த வரிசையைப் போட்டவருக்கு மலையும் தெரியும், மனுஷர் சுவாசமும் தெரியும் என்று நமக்குப் பட்டது.

இரண்டாவது கம்பெனியின் பட்டியலில் உயூனி இல்லை. உயூனி உள்ள பட்டியலை மூன்று இடங்களில் வாங்கிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அடுத்தடுத்துப் பல இரவுகள் 3,600 மீட்டருக்கு மேல். உப்பு வெளியைத் தாண்டிப் போகும் பாதை இன்னும் ஏறுகிறது. நாம் அந்தக் காகிதங்களை ஒன்றும் பேசாமல் மடித்து வைத்தோம். சகதர்மிணி கவனித்து விட்டாள்.

"நீங்கள் மட்டும் அந்தப் பக்கம் போய் வாருங்கள். நான் குஸ்கோவில் இருக்கிறேன்" என்றாள்.

"பாஷை தெரியாத ஊரில் உன்னை விட்டுவிட்டு உப்பைப் பார்த்து வருவதா?" என்றோம்.

"அப்படியானால் விடுங்கள். உப்பைப் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன்? ஜன்னலைத் திறந்தால் போதாதா?"

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நாமும் சிரித்தோம். ஜன்னலுக்கு வெளியே இப்போது உப்பு இல்லை என்பது இருவருக்கும் தெரியும். பொலிவியா அத்துடன் பட்டியலிலிருந்து நீங்கியது. வருத்தமில்லை என்று சொன்னால் நேயர்கள் நம்ப மாட்டார்கள், ஆகையால் சொல்லவில்லை.

பாக்கி நின்ற இரண்டு கம்பெனிகளுக்கும் ஒரே கேள்விப் பட்டியலைத் தபாலில் அல்ல, மின்னஞ்சலில் அனுப்பினோம். எத்தனை பேர் சேர்ந்தால் புறப்பாடு நிச்சயம்? சேராவிட்டால் முன்பணம் முழுதும் திரும்புமா? மச்சுப் பிச்சுவுக்கு நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பும், நுழைய நேரமும் வைத்திருக்கிறார்களே, அந்த டிக்கட்டை எப்போது, யார் பேரில் வாங்குவீர்கள்? ஒருவருக்கு உடம்பு அசௌகரியமானால் வழிகாட்டி அவரோடு தங்குவாரா, கோஷ்டியோடு போவாரா? பிராணவாயு உருளை வண்டியில் உண்டா? இன்ஷூரன்ஸ் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும்? கடைசியில் ஒரு கேள்வி, நமக்கு நேராகச் சம்பந்தமில்லாதது: இன்கா மலைப்பாதையில் நான்கு நாள் நடந்து செல்லும் உங்கள் மற்றக் கோஷ்டிகளுக்குச் சுமை தூக்குகிறவர்களுக்கு என்ன கூலி, எங்கே படுக்கை?

இந்தக் கடைசிக் கேள்வி எதற்கென்று சகதர்மிணி கேட்டாள். அந்தப் பாதையில் லைசென்ஸ் பெற்ற கம்பெனியோடுதான் போக முடியும். ஒரு நாளைக்கு ஐந்நூறு பேருக்கு மேல் விடுவதில்லை. அதில் பாதிக்கு மேல் சுமையாட்களும் வழிகாட்டிகளுமே. அவர்கள் முதுகில் எவ்வளவு ஏற்றலாமென்பதற்குப் பெருவில் சட்டமே செய்திருக்கிறார்கள். துறைமுகத்து மூட்டைக்காரர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரு கம்பெனியின் குணத்தை அதன் கூலிக் கணக்கில் பார்ப்பது வழக்கம்.

ஒரு கம்பெனியிடமிருந்து பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது: "எல்லாம் உண்டு, ஐயா. கவலை வேண்டாம்." மற்றதற்கு நான்கு நாள் பிடித்தது. ஒவ்வொரு கேள்விக்கும் இலக்கமிட்டு எழுதியிருந்தார்கள். இரண்டு இடத்தில் "இல்லை" என்றும், ஒரு இடத்தில் "இதற்குத் தனிக் கட்டணம்" என்றும் கண்டிருந்தது. சுமையாட்களின் கூலியை எண்ணால் எழுதியிருந்தார்கள். வழிகாட்டி கோஷ்டியோடுதான் போவாராம். ஆனால் உள்ளூர் உதவியாளர் ஒருவர் நோயாளியோடு தங்குவாராம். விலை முதல் கம்பெனியை விடச் சற்று அதிகம். "இல்லை" என்று எழுதத் தெரிந்தவர்களிடம் பணம் கொடுக்க நமக்குத் தயக்கம் ஏற்படவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். எட்டு வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த தொகை. 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, அதில் ஒரு பகுதி சுவருக்கும் கதவுக்கும் போயிற்று; யாத்திரையும் தள்ளிப் போயிற்று. இன்னும் பின்கட்டுச் சுவர் பூச்சில்லாமல் நிற்கிறது. அதைப் பூசிவிட்டுப் போகலாமா என்று நாம் கேட்டதற்கு, சுவருக்கு இழுப்பு இல்லை, அது காத்திருக்கும், தனக்கு வருஷம் ஏற ஏற மலை உயர்ந்துகொண்டே போகும் என்று பதில் வந்தது. வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குக் கட்டும் தொகையோடு கம்பெனி வசூலிக்கும் வருமான வரியை, பிறகு கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடு செய்து கொள்ளலாமென்பதை மட்டும் மாதச் சம்பளக்கார நேயர்களுக்கு ஞாபகப்படுத்துகிறோம். ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

காலம் நமக்கு அனுகூலமாகவே வாய்த்தது. ஆண்டிஸ் மலையில் மழை ஓய்ந்து வானம் தெளியும் பருவம் மே முதல் செப்டம்பர் வரை. நம் கோடை விடுமுறையும் மேயில். பள்ளி நிர்வாகத்தாரும் அனுமதிக் கடிதம் கொடுத்து விட்டார்கள். திரும்பி வந்து மாணவர்களுக்கு ஒரு பிரசங்கம் செய்ய வேண்டுமென்பது நிபந்தனை.

இனி மிச்சமிருப்பது விசாவும் ஊசியும். விசாவுக்கு டில்லியிலுள்ள பெரு தூதரகத்துக்குக் காகிதங்கள் போயிருக்கின்றன. ஊசி, மஞ்சள் காய்ச்சலுக்கு. பெரு முதலிய தேசங்களிலிருந்து திரும்பி வருகிறவர்கள் அந்தச் சான்றிதழைக் காட்ட வேண்டுமென்று கேட்பது நம் இந்திய சர்க்கார்தான். இல்லாதவர்களை ஆறு நாள் வரை தனியே வைத்துவிடலாம். போட்டுப் பத்து நாள் ஆன பின்தான் சான்றிதழ் செல்லும். பிறகு 2016 முதல் உள்ள விதிப்படி ஆயுள் முழுதும் செல்லும். முட்டை ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும், துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். துறைமுகம் நமக்குச் சமீபமென்பதால் அங்கேயே நாள் கேட்டிருக்கிறோம்.

பதினாறு இடங்களில் இதுவரை ஒன்பது நிரம்பியிருப்பதாகக் கம்பெனியார் நேற்று எழுதினார்கள். நாம் இருவரும் எட்டாவது, ஒன்பதாவது. புறப்பாடு நிச்சயமாம். மற்ற எழுவர் யார், எந்த ஊர் என்று கேட்டதற்கு, லிமாவில் தெரியும் என்று பதில். சகதர்மிணி ரசப்பொடி வறுக்க ஆரம்பித்திருக்கிறாள். பதினாறு பேருக்குப் போதுமா என்று கேட்கிறாள்.